மறந்துபோன கடவுச்சொல்லில் இருந்து ஆரம்பியுங்கள்: ஜாங்கோவில் உள்நுழைவு, மீட்பு, வெளியேற்றம்

மலேசியாவின் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டில் எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள் சேர்ந்து நடத்தும் மரண சகாய நிதிச் சங்கம் ஒன்று இருக்கிறது. மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) சந்தா. லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, விட்டு எல்லோரும் தாமான்களுக்கு (புது வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிபோன பிறகும் சங்கம் கலையவில்லை. "என் சந்தா கட்டியாச்சா?" என்று கேட்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டப வாசலில் வரிசை நிற்கும் என்பதால், அதைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிற மாதிரி ஜாங்கோவில் (பைதான் மொழியில் வலைச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு அது) ஒரு செயலி எழுதிக் கொடுத்தேன். சந்தாக் கணக்கும் ரசீதும் இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டன. வாசல் கதவுதான் இரண்டு மாதம் இழுத்தது. உள்ளே வருவது, கடவுச்சொல் மறந்தால் மீட்பது, வெளியே போவது, இந்த மூன்றும்தான்.

எல்லோரும் முதலில் உள்நுழைவுப் பக்கத்தை அழகுபடுத்த உட்கார்ந்துவிடுகிறார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் மாதம் ஒருமுறை மட்டும் எட்டிப் பார்க்கும் உறுப்பினருக்குக் கடவுச்சொல் மறப்பதுதான் வழக்கமான பாதை, ஞாபகம் இருப்பது அபூர்வம். அதனால் மீட்புப் பாதையை முதலில் சரி செய்யுங்கள், உங்கள் நேரத்தில் பாதியை அதற்கே கொடுங்கள். 1960-இல் ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தொடக்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் காகிதங்களைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பெரியவர்கள் உள்ள ஊர் இது. காகிதத்தை நம்புவார்கள். திரையை நம்ப வைக்க வேண்டியது நம் பொறுப்பு.

ஒரு விஷயம், அமைப்புப் பெயர்களை உச்சரிக்கிறபடி எழுதுகிறேன். செட்டிங்ஸ் கோப்பில் வருகிறவற்றை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜாங்கோ 5-ஐ வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் கையில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்

நீங்களாக எதையும் எழுத வேண்டாம். யூஆர்எல்ஸ் கோப்பில் 'அக்கவுண்ட்ஸ்' என்ற பாதைக்குக் கீழே ஜாங்கோவின் ஆத் தொகுப்பு தரும் யூஆர்எல்களை இன்க்ளூட் செய்தால் லாகின், லாகவுட், கடவுச்சொல் மாற்ற இரண்டு, மீட்க நான்கு என்று எட்டுப் பாதைகள் வந்துவிடும். எதையாவது மாற்றி எழுதினால் அந்தப் பாதையை இந்த இன்க்ளூட் வரிக்கு மேலே வையுங்கள். ஜாங்கோ மேலிருந்து கீழே பார்த்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். கீழே வைத்துவிட்டு ஏன் மாறவில்லை என்று தேடினால் பொழுது போய்விடும்.

பக்கங்களின் டெம்ப்ளேட்டுகள் 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்ற கோப்புறையில் இருக்க வேண்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது. லாகின் பக்கம் நீங்கள் எழுதியபடி தமிழில் வரும், மீட்புப் பக்கத்தைத் திறந்தால் ஜாங்கோவோடு வரும் நிர்வாகச் செயலியான அட்மினின் பக்கம் வந்து நிற்கும். காரணம், அட்மின் செயலியும் அதே கோப்புறைப் பெயரில், அதே கோப்புப் பெயர்களில் மீட்புப் பக்கங்களையும் வெளியேறிய பக்கத்தையும் வைத்திருக்கிறது. இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் உங்கள் செயலி அட்மினுக்குக் கீழே இருந்தால் அட்மினுடையதுதான் ஜெயிக்கும். உங்கள் செயலியை மேலே ஏற்றுங்கள், இல்லையென்றால் டெம்ப்ளேட்டுகளைத் திட்டத்தின் பொதுக் கோப்புறையில் வைத்து அதை டெம்ப்ளேட்ஸ் அமைப்பின் டிர்ஸ் பட்டியலில் சேருங்கள்.

அப்புறம் லாகின் ரீடைரக்ட் யூஆர்எல். இதை அமைக்காமல் விட்டால் சரியாக உள்ளே வந்தவரை ஜாங்கோ 'அக்கவுண்ட்ஸ், ப்ரொஃபைல்' என்ற பாதைக்கு அனுப்பும், அங்கே ஒன்றும் இருக்காது, 404 வரும். பெரியவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் கடவுச்சொல்தான் தவறு என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் செயலியில் அதை நேராகச் சந்தாப் பக்கத்துக்கே திருப்பிவிட்டேன்.

முதல் கடவுச்சொல்லாக ஐசி எண்ணைக் கொடுக்காதீர்கள்

பழைய பேரேட்டில் இருந்த உறுப்பினர்களை ஏற்றும்போது செயலவையில் எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னது, "ஐசி நம்பரையே வச்சிடுங்க தம்பி, யாரும் மறக்க மாட்டாங்க." ஐசி என்பது மலேசிய அடையாள அட்டை. வேண்டாம் என்று மறுத்தேன், அவர்களுக்கு எழுதிக் காட்டிய கணக்கை இங்கேயும் சொல்கிறேன். ஐசியில் 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08. ஒரே லயத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒருவர் பிறந்தநாள் இன்னொருவருக்குத் தெரியும், பிறந்த ஊரும் தெரியும், ஆக எட்டு இலக்கம் கையில் வந்தாயிற்று. மிச்சம் நான்கு. அதிலும் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. இது போதாதென்று ஐசி நகல் எத்தனை இடத்தில் கொடுத்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஜாங்கோவோடு வரும் கடவுச்சொல் சரிபார்ப்பான்களில் ஒன்று முழுக்க எண்ணாக இருக்கும் கடவுச்சொல்லை ஏற்காது, அதனால் பாதுகாப்பு இருக்கிறது என்று நினைக்கலாம். அது படிவம் அல்லது ஜாங்கோவின் சில கட்டளைகள் வழியாக வரும்போது மட்டும்தான் வேலை செய்யும். நீங்கள் ஸ்கிரிப்ட் எழுதி செட் பாஸ்வேர்ட் என்று நேராக வைத்தால் ஒரு சரிபார்ப்பும் நடக்காது, ஐசி எண் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

சரி, அப்படியானால் முதல் கடவுச்சொல்லே வேண்டாம், அவரவர் மீட்பு வழியாக வைத்துக்கொள்ளட்டும் என்று கடவுச்சொல் இல்லாமலே கணக்குகளை உருவாக்கினேன். இதுதான் நான் செய்த பெரிய தவறு. கடவுச்சொல் கொடுக்காமல் உருவாக்கினால் ஜாங்கோ அந்தக் கணக்கைப் 'பயன்படுத்த முடியாத கடவுச்சொல்' என்று குறித்துவிடும், அப்படிக் குறித்த கணக்குக்கு மீட்பு மின்னஞ்சல் போகவே போகாது. வேறு அமைப்பின் வழியாக உள்நுழைகிற நிறுவனக் கணக்குகளுக்காக வைத்திருக்கும் தடுப்பு அது. திரையிலோ "அனுப்பியாயிற்று" என்றே வரும், பிழையும் காட்டாது. மூன்று நாள் உறுப்பினர்கள் அஞ்சல் பெட்டியைப் பார்த்துக் காத்திருந்தார்கள். ஆகவே ஏற்றும்போது ஒவ்வொருவருக்கும் கெட் ரேண்டம் ஸ்டிரிங் கொண்டு நீளமான, யாருக்கும் சொல்லப்போகாத ஒரு கடவுச்சொல்லை வைத்துவிடுங்கள். அதற்கப்புறம் மீட்பு ஒழுங்காக ஓடும்.

மீட்புப் பாதை

சோதிக்கும்போது ஈமெயில் பேக்எண்ட் அமைப்பைக் கன்சோலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அஞ்சல் எங்கேயும் போகாமல் டெர்மினலிலேயே வந்து விழும். இணைப்பை அங்கிருந்தே நகலெடுத்துத் திறந்து பார்க்கலாம். உண்மையாக அனுப்பத் தொடங்கும் முன் டீஃபால்ட் ஃப்ரம் ஈமெயில் அமைப்பை மாற்ற மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் 'வெப்மாஸ்டர் அட் லோக்கல்ஹோஸ்ட்' என்ற முகவரியில் இருந்து போகும், அதை எந்த அஞ்சல் சேவையும் மதிக்காது.

அந்த அஞ்சலில் உள்ள இணைப்பை ஒரு தடவை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். தளத்தின் டொமைன் பெயரைப் பதிந்து வைக்கும் ஜாங்கோவின் சைட்ஸ் செயலியை நிறுவிவிட்டு அதில் டொமைனை மாற்றாமல் விட்டிருந்தால் இணைப்பு 'எக்ஸாம்பிள் டாட் காம்' என்று போகும். ஜாங்கோவுக்கு முன்னால் என்ஜினெக்ஸ் என்ற வலைச் சேவையகத்தை வைத்திருந்தால் ஹெச்டிடிபிஎஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஹெச்டிடிபி வரலாம், ஏனென்றால் ஜாங்கோவுக்கு வெளியே நடப்பது தெரியாது. செக்யூர் ப்ராக்ஸி எஸ்எஸ்எல் ஹெடர் அமைப்பு அதற்காகத்தான் இருக்கிறது. சைட்ஸ் இல்லாதபோது டொமைன் பெயர் உலாவி அனுப்பும் ஹோஸ்ட் தலைப்பில் இருந்து எடுக்கப்படுகிறது, அதனால் அலவ்டு ஹோஸ்ட்ஸ் பட்டியலில் நட்சத்திரக் குறி போட்டுவிட்டுப் போகாதீர்கள். யாரோ ஒருவர் வேறு தளத்தின் பெயரைப் புகுத்தி உங்கள் சங்கத்தின் பெயரிலேயே அஞ்சல் அனுப்ப வைத்துவிடலாம்.

இனி எதிர் வீட்டு அத்தை கதை. அத்தை, மாமா இரண்டு பேரும் உறுப்பினர்கள், இரண்டு பேருக்கும் மின்னஞ்சல் கிடையாது, அதனால் கோலாலம்பூரில் இருக்கும் மகளின் முகவரியையே இரண்டு கணக்குக்கும் கொடுத்திருந்தார்கள். அத்தை மீட்பை அழுத்தினார், மகளுக்கு இரண்டு அஞ்சல் போனது, மகள் முதலில் வந்ததைத் திறந்து புதுக் கடவுச்சொல் வைத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அத்தைக்கு அனுப்பினாள். "தம்பி, புதுசா வச்சும் உள்ள விடமாட்டேங்குது" என்று கைப்பேசியை நீட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பார்த்தால் மாறியிருப்பது மாமாவுடைய கடவுச்சொல். ஜாங்கோவின் வழக்கமான யூசர் மாடலில் மின்னஞ்சல் தனித்துவமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மீட்புப் படிவம் அந்த முகவரி கொண்ட எல்லாக் கணக்குக்கும் ஆளுக்கொரு அஞ்சல் அனுப்பிவிடும்.

நம் ஊர்க் குடும்பங்களில் இது விதிவிலக்கு இல்லை, ஒரு முகவரியில் மூன்று தலைமுறை இருக்கும். மின்னஞ்சலைத் தனித்துவமாக்கிப் பூட்டினால் பாதிப் பேர் பதிய முடியாது. நான் செய்தது இது: பாஸ்வேர்ட் ரீசெட் ஃபார்ம் வகுப்பில் இருந்து என் படிவத்தைப் பிறக்க வைத்து, மின்னஞ்சலோடு உறுப்பினர் எண் என்ற புலத்தையும் சேர்த்தேன். அப்புறம் கெட் யூசர்ஸ் என்ற முறையை மேலெழுதி, மூல வகுப்பு தரும் கணக்குகளில் உறுப்பினர் எண்ணும் பொருந்துகிறதை மட்டும் திருப்பி அனுப்பினேன். நாலே வரி. அதோடு அஞ்சல் டெம்ப்ளேட்டின் முதல் வரியிலேயே பெயரையும் உறுப்பினர் எண்ணையும் எழுதினேன், தலைப்பிலும் பெயர் வரும். மகளுக்கு இனிமேல் எது அம்மாவுடையது என்று திறக்காமலே தெரியும்.

அஞ்சல் அனுப்பியதும் வரும் பக்கம், முகவரி நம் பதிவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றையேதான் காட்டும். அதை மாற்றாதீர்கள், யார் உறுப்பினர் என்று வெளியாள் சோதித்துப் பார்க்க முடியாமல் இருக்க வேண்டும். ஆனால் சொற்களை மாற்றலாம், மாற்றவும் வேண்டும். எங்கள் பக்கத்தில் இருப்பது: "நீங்கள் கொடுத்த விவரம் எங்கள் பதிவோடு பொருந்தினால் சில நிமிடத்தில் அஞ்சல் வரும். வராவிட்டால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் ஞாயிறு காலை மண்டபத்துக்கு வாருங்கள்."

மண்டபத்துக்கு வருகிறவருக்கு என்ன செய்வது? கிராணி (சங்கத்து எழுத்தர்) ஒரு கடவுச்சொல்லை வைத்துச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் வேண்டாம், அந்தச் சீட்டு மேசையிலேயே கிடக்கும். ஜாங்கோ அஞ்சலில் அனுப்பும் அதே இணைப்பை நாமே உருவாக்கலாம். டீஃபால்ட் டோக்கன் ஜெனரேட்டரிடம் மேக் டோக்கன் கேட்டு (டோக்கன் என்பது இணைப்பு உண்மையானது என்று காட்டும் ரகசியக் குறியீடு), கணக்கின் எண்ணை பேஸ் 64 ஆக்கி, மீட்பை உறுதிசெய்யும் பாதையில் பொருத்தினால் போதும். பணியாளர் மட்டும் திறக்கக்கூடிய ஒரு பக்கத்தில் அதைக் க்யூஆர் குறியாகக் காட்டினோம். உறுப்பினர் தன் கைப்பேசியால் ஸ்கேன் செய்து, தானே தட்டிக்கொள்கிறார். கிராணியின் கண்ணில் கடவுச்சொல் படுவதில்லை. ஆளை நேரில் பார்த்து ஐசியைச் சரிபார்த்த பிறகே அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும், இதை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

இந்த இணைப்பு எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பதைப் பாஸ்வேர்ட் ரீசெட் டைம்அவுட் தீர்மானிக்கிறது. நொடிக் கணக்கில் 259200, அதாவது மூன்று நாள். நான் ஒரு நாளாகக் குறைத்தேன், அதாவது 86400. மகன் வேலை முடிந்து வந்து அஞ்சலைத் திறந்து காட்டுகிற வீடுகளும் உண்டு, அதனால் ஒரு மணி நேரம் என்று இறுக்கவில்லை. டோக்கனுக்குள் பழைய கடவுச்சொல்லின் ஹாஷும் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சேமிக்கப்படும் மாற்றிய வடிவம்) கடைசியாக உள்நுழைந்த நேரமும் கலந்திருப்பதால், கடவுச்சொல் மாறிய உடனே, அல்லது அவர் உள்நுழைந்த உடனே இணைப்பு தானாகச் செத்துவிடும். வெறுமனே திறந்து பார்த்தால் சாகாது, எனவே புலனத்தில் அனுப்பும்போது முன்னோட்டம் காட்டுவதற்காக அது ஒருமுறை திறக்கப்பட்டாலும் கெடுதல் இல்லை.

புதுக் கடவுச்சொல் வைத்து முடித்தவரை மறுபடி உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பி, இப்போதுதான் தட்டியதை இன்னொரு தரம் தட்டச் சொல்வது பெரியவர்களுக்குச் சோதனை. பாஸ்வேர்ட் ரீசெட் கன்ஃபர்ம் வியூவில் போஸ்ட் ரீசெட் லாகின் என்பதை ட்ரூ ஆக்குங்கள், நேராக உள்ளே விட்டுவிடும். ஆளைச் சரிபார்க்கும் பகுதியான அங்கீகார பேக்எண்ட் ஒன்றுக்கு மேல் வைத்திருந்தால் எது என்று போஸ்ட் ரீசெட் லாகின் பேக்எண்டில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அந்த இடத்தில் பிழை அடித்து நிற்கும்.

உள்நுழைவு

பயனர் பெயர் என்ற சொல்லே யாருக்கும் புரியவில்லை. பெயரைக் கேட்கிறது என்று நினைத்து அப்பா பெயரோடு முழுப் பெயரையும் தட்டினார்கள். சங்க அட்டையில் இருக்கும் உறுப்பினர் எண்ணையே யூசர்நேம் புலத்தில் வைத்து, லேபிளை 'அட்டையில் உள்ள உறுப்பினர் எண்' என்று மாற்றினேன். அட்டையில் எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் கோடு இருக்கும், சிலர் கோட்டோடு தட்டுவார்கள், சிலர் இடைவெளி விடுவார்கள், சிலர் சின்ன எழுத்தில் தட்டுவார்கள். ஆதண்டிகேஷன் ஃபார்மில் இருந்து ஒரு படிவம் எழுதி, அதில் கிளீன் யூசர்நேம் என்ற முறையில் கோட்டையும் இடைவெளியையும் நீக்கிப் பெரிய எழுத்தாக்கித் திருப்புங்கள். கடவுச்சொல் சரிபார்ப்பு அதற்கப்புறம்தான் நடக்கும், ஆகவே எப்படித் தட்டினாலும் ஒரே வடிவம் போய்ச் சேரும். மீட்புப் படிவத்தின் எண்ணுக்கும் இதையே போடுங்கள். அந்தப் படிவத்தை லாகின் வியூவின் ஆதண்டிகேஷன் ஃபார்ம் என்ற இடத்தில் கொடுத்தால் வேலை முடிந்தது.

தவறாகத் தட்டினால் வரும் செய்தியை எர்ரர் மெசேஜஸில் இன்வேலிட் லாகின் என்ற சாவியில் மாற்றலாம். எண் தவறா கடவுச்சொல் தவறா என்று பிரித்துச் சொல்லாமல், அடுத்து என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள். கடவுச்சொல்லைக் காட்டும் கண் பொத்தான் கட்டாயம் வையுங்கள், தழும்பேறிய விரலோடு சின்னத் திரையில் புள்ளி புள்ளியாகத் தட்டுவது எவ்வளவு சிரமம் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

தமிழில் கடவுச்சொல் வைப்பவர்களும் உண்டு, செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியில் தட்டிப் பழகிய ஊர். அதில் ஒரு நுணுக்கம். 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஹாஷ் வேறு வேறு. ஜாங்கோ பயனர் பெயரைச் சீராக்கும், கடவுச்சொல்லைத் தொடாது. எனவே உள்நுழைவு, மீட்பு, மாற்றம் என்று கடவுச்சொல் வாங்கும் ஒவ்வொரு படிவத்திலும் என்எஃப்சி என்ற யூனிகோடின் ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒன்றில் விட்டாலும் ஆள் வெளியே நிற்பார்.

எத்தனை தடவை தவறாக முயன்றாலும் ஜாங்கோ தானாகத் தடுக்காது. ஜாங்கோ ஆக்ஸஸ் என்ற தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம், அது தன் பேக்எண்டையும் சேர்ப்பதால், மீட்புப் பகுதியில் சொன்ன பேக்எண்ட் பிழை அப்போதுதான் வரும். ஐபி முகவரியை மட்டும் வைத்துப் பூட்டாதீர்கள். மண்டபத்து வைஃபையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே முகவரி, ஒருவர் தவறினால் மொத்தக் கூட்டமும் பூட்டப்படும். உறுப்பினர் எண்ணும் ஐபியும் சேர்ந்த ஜோடியை வைத்துப் பூட்டுங்கள்.

வெளியேற்றம்

ஜாங்கோ 5.0-இல் இருந்து வெறும் இணைப்பைச் சொடுக்கி வெளியேற முடியாது, 405 (இந்த முறைக்கு அனுமதி இல்லை) வரும். 4.1-லேயே எச்சரித்துவிட்டார்கள். பழைய பாடங்களைப் பார்த்து எழுதினால் இங்கேதான் சிக்குவீர்கள். போஸ்ட் முறையில் ஒரு சிறு படிவம், உள்ளே சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (படிவம் நம் தளத்திலிருந்தே வந்தது என்று காட்டும் குறியீடு), ஒரு பொத்தான். பொத்தானை எப்படி வேண்டுமானாலும் அலங்கரித்துக்கொள்ளலாம். வெளியேறியதும் எங்கே போக வேண்டும் என்பதை லாகவுட் ரீடைரக்ட் யூஆர்எல் சொல்லும்.

சொந்தக் கைப்பேசியில் பார்ப்பவரை அடிக்கடி வெளியேற்ற வேண்டாம், வழக்கமான இரண்டு வாரமே போதும். மண்டபத்தில் மேசைமேல் வைத்திருக்கும் டேப்லெட்டில்தான் கவனம் தேவை. 'இது என் சொந்தக் கைப்பேசி' என்று ஒரு டிக் பெட்டி வைத்து, டிக் இல்லையென்றால் லாகின் வியூவின் ஃபார்ம் வேலிட் முறையில், மூல முறையை அழைத்த பிறகு, செஷனின் (உள்ளே இருக்கும் நிலையை நினைவில் வைக்கும் பதிவு) செட் எக்ஸ்பைரிக்கு 300 நொடி கொடுத்தேன். முதலில் இதில் ஒரு குறை வந்தது: ஐந்து நிமிடத்தில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆளை வெளியே தள்ளியது. பக்கத்தைப் படிப்பதை ஜாங்கோ செயல்பாடாக எடுத்துக்கொள்வதில்லை, செஷன் மாறினால்தான் நேரம் நீளும். செஷன் சேவ் எவ்ரி ரிக்வெஸ்ட் அமைப்பை ட்ரூ ஆக்கியதும் சும்மா கிடந்தால் மட்டும் மூடுகிறது.

கடைசியாக, வெளியேறிய பிறகு உலாவியின் பின்பொத்தானை அழுத்திப் பாருங்கள். எங்கள் டேப்லெட்டில் முந்தைய ஆளின் பெயர், வாரிசு பெயர், பாக்கித் தொகை எல்லாம் அப்படியே வந்தது, உலாவி வைத்திருந்த நகல் அது. உறுப்பினர் விவரம் காட்டும் ஒவ்வொரு வியூவுக்கும் நெவர் கேஷ் டெக்கரேட்டரைப் போட்டு, அதே டேப்லெட்டில், அதே உலாவியில் மறுபடி அழுத்திப் பார்த்தேன். உள்நுழைவுப் பக்கம் வந்தது.